ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்றால் மோட்டாரை மாற்றிவிடுவதா?

கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. பானட்டைத் திறந்து பார்த்தேன், ஃபேன் சுற்றவே இல்லை. ஃபேன் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். எண்பதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றால்தான் ஃபேனுக்கு வேலை. ஆகவே கோளாறு ஃபேன் பக்கம்தான். ஆனால் மோட்டார்தான் போய்விட்டது என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் என்ஜின் சூடாகாவிட்டாலும் ஏசி போட்டால் ஃபேன் வரும். வந்தால் மோட்டார் நல்ல மோட்டார். அதற்கு உத்தரவு போகும் வழியில்தான் சிக்கல். பழைய வண்டிகளில் ரேடியேட்டரிலேயே தனி ஃபேன் ஸ்விட்ச் இருக்கும். அதன் இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. (ஏசி கேஸ் இறங்கிய வண்டியில் ஏசி போட்டுப் பார்க்கும் சோதனை செல்லாது, கம்ப்ரசரும் ஓடாது, ஃபேனும் வராது.)

ஏசிக்கும் வரவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். வயரை முறுக்கி வைக்கிற வேலை வேண்டாம், தீப்பிடிக்கும். பிறகு ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச். பக்கத்திலேயே அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலே இருந்தால் மாற்றிக் குத்திப் பார்க்கலாம், காசு செலவில்லை. அடுத்து மோட்டாருக்குப் போகும் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின் பச்சை பூத்தோ, பிளாஸ்டிக் உருகிக் கறுத்தோ இருந்தால் கரண்ட் அங்கேயே நின்றுவிடும். பலர் பார்க்காமல் விடுகிற இடம் இதுதான்.

கடைசியாகத்தான் மோட்டார். இரண்டு பின் மோட்டார் என்றால் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் டைரக்ட் கொடுத்துப் பாருங்கள். ஓடாத மோட்டாரை ஸ்பானர் பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போது மாற்றுங்கள். ஃபேனிலோ அதன் சாக்கெட்டிலோ கை வைக்குமுன் சாவியை அணைத்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது முக்கியம். சூடான என்ஜினில் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் கிளம்பும்.

பாலக்கோட்டில் இருக்கிறேன். என்ஜின் டெம்பரேச்சர் சென்சார் வயரைப் பிடுங்கினால் ஃபேன் உடனே சுற்றுகிறது, மாட்டினால் நின்றுவிடுகிறது. சென்சார் போச்சா?

போயிருக்கலாம். சென்சார் இல்லை என்று தெரிந்ததும் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடுகிற ஈசியூக்கள் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நிறைய. ஆகவே மோட்டாரும் ரிலேயும் சரி. ஆனால் வாங்குமுன் என்ஜின் ஆறியபிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் சென்சார் முனை தண்ணீரில் படாமல் காற்றில் நின்று, சூட்டைக் குறைத்துக் காட்டும். இன்னொன்று, நம் பக்கம் குறைந்த கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் நிறைய. அந்த உப்புத் தண்ணீர் சென்சார் முனையிலும் ரேடியேட்டர் குழாயிலும் சுண்ணாம்பாகப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏற்றத்தில் ஹீட் ஆகிறது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் ஃபேனை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். என்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்பதே என் முதல் சந்தேகம். ஏற்றத்திலேயே முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள்; சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, அழுத்தம் விட்டதும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

அரூரில் எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டில் ஸ்விட்ச் வைத்து ஃபேனை டைரக்ட் கொடுத்துவிட்டார். இப்படியே ஓட்டலாமா?

வீடு வந்து சேர ஓட்டலாம். நிரந்தரமாக வேண்டாம். ஒருநாள் போட மறப்பீர்கள், என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் (என்ஜின் தலைப்பகுதியின் சீல்) போகும். ரிலே, ஃபியூஸ் இல்லாத மெல்லிய வயரென்றால் இன்றைக்கே கழற்றுங்கள்.

புது மோட்டார் போட்டு வேகமாகச் சுற்றியும் ஹீட் குறையவில்லை (ஓசூர்).

முன் கிரில் பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்துபோனால் வயர் மாறி, ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது.

சாவியை எடுத்தபிறகும் ஃபேன் ஓடுகிறது (ஊத்தங்கரை).

சில கார்களில் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்கவே இல்லையென்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.