சின்ன வயதில் காதில் விழுந்த பாட்டு: ஆர்மோனிய வாத்தியாரிடம் சில கேள்விகள்

தருமபுரியில் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் சொல்லிக்கொடுக்கிறேன். பாரதக் கூத்து நடக்கிற நாட்களில் பின்பாட்டுக்கும் உட்காருவேன். சிறுவயதில் கேட்ட இசை ஒரு கலைஞரை எப்படி உருவாக்குகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஓர் அப்பா: எங்கள் வீட்டில் யாருக்கும் பாட்டு வராது. பையனுக்கு எப்படி வரும் ஐயா?

வீட்டில் பாட்டு இருந்தால் நல்லதுதான். ஆனால் அதுவே போதாது. இளையராஜா பதினாலு வயதுவாக்கில் அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனவர். முதல் படம் வந்தது 1976இல். நடுவே அத்தனை வருட மேடை. ஏ.ஆர். ரகுமானுக்கு ஒன்பது வயதில் இசையமைப்பாளரான அப்பா ஆர்.கே. சேகர் இறந்துபோனார். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. ஒருவர் ஜனங்களுக்கு நடுவே வளர்ந்தார், இன்னொருவர் கருவிகளுக்கு நடுவே. இருவர் இசையிலும் அந்தச் சாயல் இருப்பதாக எனக்குப் படும். ஆனால் அதே மாதிரி வீடுகளில் வளர்ந்து வேறு வேலைக்குப் போனவர்கள்தான் அதிகம், அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உங்கள் பையனைக் கூத்துக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போங்கள். அங்கே என்ன பிடித்தது என்று வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள்.

அரூரிலிருந்து ஒரு தம்பி: நான் கூத்தாடி வீட்டுப் பிள்ளை. மைக் முன்னால் நின்றால் "கத்துகிறாய்" என்கிறார்கள். என்ன செய்வது அண்ணா?

தம்பி, உன் தொண்டை சரியாகத்தான் பழகியிருக்கிறது. திறந்த வெளி, விடிய விடிய ஆட்டம், பக்கத்தில் முகவீணை என்கிற சின்ன நாயனம் உச்சத்தில் நிற்கும். மைக் வருவதற்கு முன் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கிற மாதிரி பாடியவர்களிடம் நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய். விருத்தம், அதாவது தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் செய்யுள், எடுக்கும்போது முதல் எழுத்திலேயே குரலை முழுசாக விடுவது அங்கே தேவை. மைக்குக்கு அது வேண்டாம். அதே விருத்தத்தை சுருதியை இரண்டு கட்டை இறக்கி, வாய் மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளி இருக்கும்படி பாடிப் பார். அடிக்குரல் வருவதற்கு மாதங்கள் ஆகும். அதற்காக மேல்குரலை மறந்துவிடாதே. பாட்டு வகுப்புக்குப் போய் அதைத் தொலைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அம்மா: ஏழு வயதுக்குள் ஆரம்பிக்காவிட்டால் போச்சு என்கிறார்களே?

சுருதிப்பெட்டி இல்லாமலே ஒரு ஒலியைக் கேட்டவுடன் அது எந்தச் சுரம் என்று சொல்வது ஒரு தனித் திறமை. அது பெரும்பாலும் ஆறேழு வயதுக்குள் பயிற்சி தொடங்கியவர்களிடம்தான் காணப்படுகிறது. நம் பாட்டுக்கு அது அவசியம் இல்லை அம்மா. இங்கே ஸ என்கிற அடிச்சுரம் பாடுகிறவர் குரலுக்குத் தக்கபடி மாறும். ஸ-வை வைத்து ப எங்கே இருக்கிறது என்று காது பிடித்தால் சரி. அது பதினைந்து வயதிலும் வரும்.

ஓசூரிலிருந்து: வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். பிள்ளை குழம்பாதா சார்?

குழம்பாது. கர்நாடக இசையில் ஆரம்பப் பாடங்களை வகுத்தவர் என்று சொல்லப்படும் புரந்தரதாசர் கன்னடத்தில் பாடியவர். தியாகராஜர் கிருதிகளில் பெரும்பாலானவை தெலுங்கு. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டையும் பாடித்தான் வளர்கிறார்கள். உங்கள் தெருவில் இது சும்மாவே கிடைக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து: பிள்ளை சினிமாப் பாட்டு மட்டும்தான் கேட்கிறான்.

கேட்கட்டும். பாடச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மாரியம்மன் திருவிழா முடிந்தும் மகள் உறுமி மாதிரி மேசையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். மிருதங்கம் சேர்க்கலாமா?

தட்டாமல் தேய்க்கிறாள் பாருங்கள், அதுதான் விசேஷம். உறுமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்துத்தான் அந்த முனகல் வருகிறது. அதைக் கவனித்திருக்கிறாள் என்றால் காது கூர்மை. மிருதங்கத்தில் சேருங்கள். ஆனால் முதலில் உறுமிக்காரரிடம் ஒருநாள் கூட்டிப்போய்க் குச்சியைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டு மேசைக்கு ஒரு பழைய துணியும் போட்டு வையுங்கள்.