கதை சொல்லச் சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். பணம் வாங்குவதில்லை. போன மாதம் ஒருவர் வந்து, இனிமேல் 'அங்கீகரிக்கப்பட்ட கதைசொல்லி' சான்றிதழ் இல்லாதவர்களைப் பள்ளிகளில் விடமாட்டார்கள் என்றார். இரண்டு நாள் பயிற்சிக்கு 12,000 ரூபாய். கட்டினால் கேரளம், தமிழ்நாடு இரண்டு பக்கமும் பள்ளிகள் பிடித்துத் தருவாராம். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். கதை சொல்வதற்கு இந்த நாட்டில் உரிமம் என்று ஒன்றும் கிடையாது. ஆசிரியர் வேலைக்குப் போவதென்றால் கேரளத்தில் கே-டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கான படிப்பு எல்லாம் வேண்டும். அது வேறு விஷயம். கதை சொல்ல பள்ளித் தலைமையாசிரியர், அதாவது ஹெச்.எம்., சம்மதித்தால் போதும். மேலே உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று அவர் நினைத்தால், அந்தக் கடிதத்தை அவரே எழுதட்டும். பயிற்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாளில் யாரும் கதைசொல்லி ஆவதில்லை, நீங்கள் ஒன்றரை வருடமாகவே கதைசொல்லிதான். அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தைப் படித்தேன். ஏழாவது வரியை நீங்களும் இன்னொரு முறை படியுங்கள். நிகழ்ச்சியில் நீங்கள் சொல்லும் கதைகள், உங்கள் குரல், வீடியோ எல்லாம் 'நிரந்தரமாக' அவர்களுக்கே. அடுத்த வரியில், இரண்டு வருடம் நீங்கள் எந்தப் பள்ளியோடும் நேரடியாகப் பேசக்கூடாது. அதாவது, நாளை உங்கள் ஊர்ப் பள்ளியே தானாகக் கூப்பிட்டால்கூட அவரைக் கேட்டுத்தான் போக வேண்டும். 12,000 ரூபாய் போனால் போகட்டும், இது போகக்கூடாது.

நானும் ஆரம்பத்தில் ஓர் ஏற்பாட்டாளரை நம்பிப் போனவள். பள்ளியில் வவுச்சரில் 3,000 என்று கையெழுத்து வாங்கினார்கள், என் கைக்கு வந்தது 800. தொகை எழுதாத வவுச்சரிலும், வாங்காத தொகைக்கும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். பணம் பள்ளியிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும்.

உடனே ஜி.எஸ்.டி. என்று பயமுறுத்துவார்கள். உங்கள் ஊரிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பள்ளிக்குப் போனால் அது மாநிலம் விட்டு மாநிலம், முதல் ரூபாயிலேயே பதிவு வேண்டும், அதனால் எங்கள் பில்லில் போங்கள் என்பார்கள். சேவை செய்கிறவர்களுக்கு அந்த விதியிலிருந்து 2017 அக்டோபரிலேயே விலக்குக் கொடுத்தாயிற்று. வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாதவரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உங்களுக்குப் பதிவு தேவையில்லை. வெள்ளைத்தாளில் பெயர், தேதி, தொகை, பான் எண் எழுதிக் கொடுங்கள், போதும்.

சரி, நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று: யாருடைய கதையைச் சொல்கிறீர்கள்? பாட்டி சொன்ன கதை எல்லோருக்கும் பொது. ஆனால் அதே கதையை ஒருவர் தன் நடையில் எழுதிப் புத்தகமாகப் போட்டால், அந்த எழுத்து அவருடையது. எழுத்தாளர் இறந்த அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் அவர் குடும்பத்துக்கு உரிமை உண்டு. பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்துக் காட்ட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. நீங்களோ வெளியாள், நாளை சம்பளமும் வாங்கப் போகிறீர்கள். அந்தச் சலுகையை நம்பி நிற்காதீர்கள். வீடியோ எடுத்து யூடியூபில் போட்டால் அது முற்றிலும் வேறு கணக்கு.

இதில் நம் தமிழுக்கு வாய்த்த ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் பாதியாகப் புரிந்துகொள்கிறார்கள். தமிழக அரசு சில எழுத்தாளர்களின் படைப்புகளை, குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பாரதியின் எழுத்துகளை அரசு வாங்கியது 1949-இல். அப்படி நாட்டுடைமை ஆனவை என்றால் 60 வருடக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பட்டியலும் பல நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எழுத்தாளர் பிரபலமானவர், பாடப்புத்தகத்தில் வந்தவர் என்பதாலேயே நாட்டுடைமை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் பெயரைப் பாருங்கள். பெயர் இருந்தாலும், புத்தகம் மொழிபெயர்ப்பா என்று பாருங்கள். மூலத்தை எழுதியவரின் உரிமை அப்படியே இருக்கலாம். புத்தகத்தில் உள்ள படம் வரைந்தவருடையது. அதைப் பெரிதாக நகலெடுத்து வகுப்பில் மாட்டுவதற்கு முன் அதையும் யோசியுங்கள். இவ்வளவு பார்க்க நேரமில்லையா, பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் நூல் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடுதான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

இனி பள்ளிக்கு எப்படிப் போவது? ஜூன் 19 வாசிப்பு நாள், கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என்.பணிக்கரின் நினைவு நாள். அன்று எல்லாப் பள்ளிக்கும் கதைசொல்லி வேண்டும். அன்று மட்டும்தான் வேண்டும், அதுதான் எனக்குக் கோபம். இருநூறு பிள்ளைகளை முற்றத்தில் வெயிலில் உட்காரவைத்து, பஞ்சாயத்து ஆட்கள் முக்கால் மணி நேரம் பேசி முடித்த பிறகு மைக்கைக் கையில் கொடுத்து 'டீச்சர், பத்து நிமிஷத்தில் முடிச்சிருங்க' என்பார்கள். போட்டோ எடுத்ததும் மறுநாள் முதல் பழையபடி. ஊர் ஊராகச் சுற்றி வாசகசாலை கட்டிய மனிதரின் பெயரில் இப்படி நடக்கிறதே என்று ஒவ்வொரு வருடமும் மனசு வலிக்கிறது. அந்த நாளுக்கு ஒப்புக்கொள்ளும்போதே, அதே வகுப்புக்கு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு தடவை வருகிறேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

டீச்சர் வகுப்பிலேயே இருக்க வேண்டும். 'நீங்க பாத்துக்குங்க, நான் ரிஜிஸ்டர் எழுதிட்டு வந்துடறேன்' என்று போகவிடாதீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அது நல்லது, உங்களுக்கும் நல்லது. அப்புறம், கதை முடிந்த உடனே எழுந்து 'இந்தக் கதையில் நமக்குக் கிடைக்கும் நீதி என்ன?' என்று கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளைகளின் முகம் பரீட்சை முகமாக மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

உங்கள் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகளும் உண்டு, வீட்டில் தமிழ் பேசி மலையாள மீடியத்தில் படிப்பவர்களும் உண்டு. எல்.பி., அதாவது ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புக்கு, ஒவ்வொரு சுற்றிலும் வரி கூடிக்கொண்டே நீளும் பாட்டுக் கதை எடுங்கள். தன் பேரை மறந்துவிட்டு, வழியில் கண்டவர்களிடமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே போகும் ஈயின் கதையை நான் இருபது வருடமாகச் சொல்கிறேன். 'கொழு கொழு கன்னே, கன்னின் தாயே' என்று நாலாவது சுற்று வரும்போது நான் வாயைத் திறக்கவே வேண்டாம், வகுப்பே சொல்லும். கடைசியில் குதிரை 'ஈ...' என்று கனைத்ததும் ஒரு மலையாள மீடியம் பையன் 'ஈச்ச!' என்று ஈயின் மலையாளப் பெயரைக் கத்தினான். பக்கத்தில் இருந்தவள் 'இல்லடா, ஈ!' என்றாள். அந்தச் சண்டை முடியும்வரை நான் ஒதுங்கி நின்றேன். மறு வாரம் அவர்களிருவரையும் கதை சொல்லச் சொன்னேன், ஆளுக்கு ஒரு மொழியில் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுப்பதை இப்படித்தான் தொடங்க வேண்டும்: கேட்ட கதையை அவர்கள் திருப்பிச் சொல்லட்டும், தப்பினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கட்டும், நீங்கள் திருத்தாதீர்கள்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வாசகசாலை கேரள மாநில லைப்ரரி கவுன்சிலில் இணைந்தது என்றால் அதில் பிள்ளைகளுக்கான பாலவேதி இருக்கும். அதன் பொறுப்பாளரிடம், இவ்வளவு காலம் கதை சொன்னீர்கள் என்று லெட்டர்பேடில் நாலு வரி வாங்குங்கள். அதோடு போய் இரண்டு ஹெச்.எம்.களைப் பாருங்கள். பள்ளி திறந்த முதல் வாரம் அட்மிஷன் கூட்டம் இருக்கும், இரண்டாவது வாரம் மத்தியானம் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.