சேலத்தில் ஓட்டவும் வித்தை பழகவும் ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்கு எந்த ஃபிரேம் தாங்கும்?

கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அலுமினியம் எடை குறைவு, ஆகவே குதிப்பதற்கு அதுதான் நல்லது என்று கடையில் சொல்கிறார்கள், சரியா?" அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் இல்லை. இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் என் தம்பியின் தலையில் ஒரு வண்டியைக் கட்டினார்கள்.

ஃபிக்ஸட் கியர் என்றால் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும், காலை நிறுத்தி வைக்க முடியாது. சுருக்கமாகப் பதில் வேண்டுமென்றால்: 4130 குரோமோலி எஃகு, ஹெட் டியூபுக்குக் கீழே கஸெட் தகடு, பின்பக்கம் திறந்த கெட்டியான டிராப்அவுட், அகல டயர் நுழைய இடம், முன் ஃபோர்க்கில் பிரேக் துளை. இவை இருந்தால் ஸ்டிக்கரில் எந்தப் பெயர் இருந்தாலும் வாங்கலாம். எது எதற்கு என்று தெரியாமல் வாங்கினால் மறுபடியும் கடைக்காரர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கல்லூரியில் படிக்கிறீர்கள், வீட்டில் ஒரு முறைதான் பணம் கேட்க முடியும் என்று வைத்துக்கொள்கிறேன். பகலில் ஐந்து ரோடு, நான்கு ரோடு நெரிசலில் ஓட்டம், மாலையில் எங்காவது சிமெண்ட் தரையில் பழக்கம். ஒரே ஃபிரேம் இரண்டு வேலையையும் தாங்க வேண்டும்.

என் தம்பியின் நிலையும் இதுவேதான். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு குடோன் இருக்கிறது. லாரிகள் போன பிறகு அதன் சரக்கு மேடை காலியாகிவிடும். தம்பியும் அவன் கூட்டாளிகளும் அங்கேதான் பழகுவார்கள். மேடையிலிருந்து வண்டியோடு குதிப்பார்கள், காலால் பின் சக்கரத்தைப் பூட்டித் தேய்த்து நிறுத்துவார்கள், முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை முழுச் சுற்றுச் சுற்றிப் பிடிப்பார்கள். வண்டி வாங்கப் போனபோது இவ்வளவும் செய்வான் என்று நானே கடையில் தெளிவாகச் சொன்னேன். கேள்வி கேட்டது நான், பணம் கொடுத்தது நான். விளக்கம் மட்டும் முழுக்கத் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது. "ஒரு கையால் தூக்கிப் பாருங்கள் தம்பி" என்றார் கடைக்காரர். அவன் தூக்கினான். அதோடு முடிவாகிவிட்டது.

சில மாதங்கள் கழித்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில் தண்டு நுழையும் குட்டைக் குழாயைத்தான் ஹெட் டியூப் என்கிறோம். அதுவும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தின் அடியில், வெல்டிங்குக்குச் சற்றுப் பின்னால், பெயிண்டில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அழுக்கு என்றான் தம்பி. நகத்தால் வருடினேன், நகம் தட்டியது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவனை ஏறவே விடவில்லை. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால், "இது நகருக்குள் ஓட்டுகிற வண்டி, குதித்தால் உத்தரவாதம் கிடையாது" என்றார்கள். குதிப்பதற்கு இதுதான் நல்லது என்று சொன்ன அதே வாய்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஆர்கான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாமா எங்கள் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். அவரிடம் போனோம். முதலில் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டு, துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினார். விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து, பொடியில் கோடு முழுவதும் ஈரமாகத் தெரிந்தது. குழாயின் பாதிச் சுற்றளவுக்கு ஓடியிருந்தது. "ஒட்டித் தரலாம் கண்ணு, காசும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒட்ட மாட்டேன்" என்றார். இந்த வகை அலுமினிய ஃபிரேமைத் தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்ததும் உலையில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள், வலுவே அதில்தான் வருகிறது. பட்டறையில் மறுபடி சூடேற்றினால் பற்றுக்கு, அதாவது ஒட்டிய இடத்துக்குப் பக்கத்து உலோகம் பதம் இழந்துவிடும், அந்த உலை என்னிடம் இல்லை என்றார். "உடைந்து இவன் பல் போனால் உங்கள் அப்பா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?" வருகிற காசை வேண்டாம் என்ற அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். விரிசலைப் பார்த்ததும், "கொலுசும் இப்படித்தான். பற்றில் அறாது, பற்றுக்குப் பக்கத்தில்தான் அறும்" என்றார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ஃபிரேம் பார்க்கும் கண் உங்களுக்கும் வந்துவிடும். மேலிருந்து குதித்து இறங்கும்போது அடி ஃபோர்க் வழியாக ஏறி ஹெட் டியூபை நெம்புகிறது. கீழ்க் குழாயின் அடிப்பக்கம் இழுபடுகிறது. வெல்டிங் முடிந்து குழாய் தொடங்கும் அந்த விளிம்பில்தான் பாரம் முழுவதும் குவிகிறது. கஸெட் என்பது அந்த மூலையில் வைக்கும் சிறு தாங்குத் தகடு. பாரத்தை அது குழாயின் நீளத்துக்குப் பரப்பிவிடுகிறது. தகட்டின் முனை திடீரென்று முடியாமல் ஒடுங்கிச் சாய்ந்து முடிகிறதா என்று பாருங்கள். மொட்டையாக முடிந்தால் விரிசல் அங்கே போய்த் தொடங்கும்.

எஃகை ஏன் சொல்கிறேன் என்றால், ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை முறை அடித்தாலும் எஃகு களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சிறிய அடியும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 4130 என்பது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. கடைசி இரண்டு இலக்கங்கள் 0.30 சதவிகிதக் கரியைக் குறிக்கின்றன. மலிவு வண்டிகளில் வரும் சாதாரண ஹை-டென் எஃகைவிட வலு அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெல்லியதாக இழுக்கலாம், எடையும் குறையும். குரோமோலி அதிக விறைப்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஃகுக்கு எஃகு விறைப்பில் வித்தியாசம் இல்லை, வலுவில்தான். இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள்: "குரோமோலி" ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனால் முன்னால் உள்ள மூன்று குழாய்கள் மட்டும் அது, பின் தண்டுகளும் ஃபோர்க்கும் ஹை-டென். ஃபோர்க் எதில் செய்தது என்று தனியாகக் கேளுங்கள்.

அலுமினியத்தை நான் இழிவுபடுத்துவதாகச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. வெலோட்ரோம் என்னும் சைக்கிள் பந்தய அரங்கில் அலுமினிய ஃபிரேம்கள் ஓடுகின்றன, பந்தய பிஎம்எக்ஸ் வண்டிகளிலும் அலுமினியம்தான் அதிகம். அந்த வேலைக்கென்று கணக்குப் போட்டுத் தடிமன் கொடுத்துச் செய்தால் அதுவும் தாங்கும். தம்பிக்கு விற்றது அப்படிச் செய்தது இல்லை என்பதுதான் என் வழக்கு. தவிர, எஃகில் விரிசல் விட்டால் ஒட்டித்தர நம் ஊரில் பட்டறை இருக்கிறது. எஃகு நகரம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு "உருக்காலை எஃகிலேயே செய்யலாமே" என்றும் சிலர் கேட்கிறார்கள். சேலம் உருக்காலையில் வருவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. ஃபிரேமுக்கு வேண்டியது வேறு கலவையில் செய்த குழாய்.

டிராப்அவுட் என்பது பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு. கியர் வண்டிகளில் அது கீழ்நோக்கித் திறந்திருக்கும், சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க முடியாது. ஃபிக்ஸட் கியரில் பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது செயினின் அடிப்பக்கமே பாரம் ஏந்துவதால் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் பொருத்தவும் வழியில்லை. ஆகவே பின்பக்கம் திறந்த பிளவு கட்டாயம். டிராக் ஹப் என்னும் ஃபிக்ஸட் கியர் பின்சக்கரக் குடம் நுழைய இரண்டு டிராப்அவுட்டுக்கும் இடையே 120 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்பாவின் பழைய கறுப்பு வண்டியில் பிளவு சரியாகத்தான் இருக்கும், ஆனால் காட்டர் பின் என்னும் ஆப்பாணி வைத்த கிராங்க் (பெடல் தண்டு) முன்னும் பின்னும் அழுத்தினால் தளர்ந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வெலோட்ரோம் பந்தயத்துக்கென்று செய்த அசல் டிராக் ஃபிரேம் அழகாக இருக்கும், ஆசைப்படாதீர்கள். முன் கோணம் செங்குத்தாக இருப்பதால் வளையும்போது சக்கரம் கால்விரலில் இடிக்கும். காலை நிறுத்தி வைக்க முடியாத வண்டியில் அது நேராகக் கீழே தள்ளும், ஹேண்டில்பாரையும் சுற்ற விடாது. டயருக்கும் இடம் இருக்காது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மேடும் பள்ளமுமாக மூடிய நம் தெருக்களுக்கு 38 மில்லிமீட்டர் டயராவது நுழைய வேண்டும். வித்தைக்கென்று செய்த ஃபிரேமில் பெடல் அச்சும் சற்று உயரமாக இருக்கும், சாய்ந்து திரும்பும்போது பெடல் தரையில் தட்டாது.

பிரேக் இல்லாமல் ஓட்டுவதுதான் தூய்மை என்பவர்களோடு எனக்கு வாதமே இல்லை, அவர்கள் ஒரு முறை ஏற்காட்டிலிருந்து இறங்கிப் பார்க்கட்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். செய்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள். முன் பல்சக்கரத்தில் 46 பல்லும் பின்னால் 17 பல்லும் வைத்த வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் பெடலில் உள்ள கால்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 சுற்றுச் சுற்றும். அந்தச் சுற்றில் வளைவுக்கு முன்னால் காலால் நிறுத்துவது நடக்காத காரியம். ஃபோர்க்கில் துளை இல்லையென்றால் அந்த ஃபிரேமே வேண்டாம்.

வண்டி பற்றி எழுதும்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீபாவளிக்கு முன் புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். வாசலில் காவலாளி, "சைக்கிளை உள்ளே விட மாட்டோம், ரோட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார். உள்ளே கார்களுக்குக் கோடு போட்டிருக்கிறது, பைக்குகளுக்குக் கூரை போட்டிருக்கிறது. சைக்கிளில் வருகிறவர் கையில் இருப்பது மட்டும் பணம் இல்லையா? அவர்மேல் குற்றமில்லை, அவருக்குச் சொன்னதைச் செய்கிறார். காவலாளி வேலைக்கு அவரே சைக்கிளில்தான் வந்திருந்தார். அதுவும் சுவரோரம் வெயிலில்தான் நின்றது. பழைய சினிமா தியேட்டர்களில் சைக்கிளுக்கென்று டோக்கன் கொடுத்து நிறுத்த இடம் வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு எதை வளர்த்தோம் என்று எனக்குப் புரியவில்லை.

தம்பிக்குக் கடைசியில் பெங்களூரில் ஒருவர் விற்ற பழைய குரோமோலி ஃபிரேம் அமைந்தது. அப்பா கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு ஒவ்வொரு பற்றையும் பார்த்தார், மாமா சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவிப் பார்த்தார். இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் சக்கரம் மாட்டினோம். அலுமினிய வண்டியைவிடக் கனம்தான். அதே மேடையிலிருந்து இன்றும் குதிக்கிறான்.

பல் எண்ணிக்கையையும் யோசித்து வாங்குங்கள். முன்னால் 48, பின்னால் 16 என்றால் மிகச் சரியாக மூன்று மடங்கு, பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கரம் மூன்று முழுச் சுற்று வந்து அதே நிலைக்கு வரும். சக்கரத்தைப் பூட்டித் தேய்க்கும்போதெல்லாம் டயரின் ஒரே இடம் தேயும், சீக்கிரமே கிழிந்துவிடும். 44க்கு 17 வைத்தால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும், குதிக்கவும் இலகுவாக இருக்கும். பின் ஹப்பில் இடதுமரை லாக்ரிங், அதாவது பல்சக்கரம் கழலாமல் எதிர்த்திசை மரையில் பிடிக்கும் வளையம், இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மிதிக்காமலே உருளும் சாதாரண வண்டிக்கான ஃப்ரீவீல் ஹப்பில் வெறும் பல்சக்கரத்தை முறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், காலால் நிறுத்தும்போது அது கழன்றுவிடும்.

வாங்குவதற்கு முன் ஹெட் டியூபின் அடிப்பக்கம், டிராப்அவுட், ஃபோர்க்கின் மேல்முனை மூன்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். அப்பாவிடம் காட்டிச் சொல்கிறேன்.