சேமநிதியை உடைத்து டாக்டர் படிப்பு வேண்டாம்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறார், வயது 53. தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி வாங்கிய மலிவு விலை வீட்டின் கடன் இப்போதுதான் முடிந்திருக்கிறது. மூத்த மகளுக்கு ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டது. உயிரியலில் ஏ, கணிதத்தில் ஏ, வேதியியலில் பி பிளஸ், இயற்பியலில் சி பிளஸ். கிள்ளானில் இருக்கும் தாய்மாமா ஓர் ஏஜெண்டையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., அதற்கு முன்னால் ஓராண்டு அடிப்படைக் கல்வி, எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் மலேசிய வெள்ளி. கணவரின் ஓய்வுக்காலச் சேமநிதியிலிருந்து 80,000 எடுப்பது, மிச்சத்துக்கு வீட்டை அடமானம் வைப்பது என்று திட்டம். மகளோ வாயைத் திறக்கவில்லையாம். "அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் சார் பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் சரியான பயம். அதனால் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

80,000 போக மிச்சம் 2,20,000. ஐந்து சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறக்குறைய 1,740 வெள்ளி கட்ட வேண்டும். உங்கள் கணவருக்கு அப்போது 68 வயது. மகள் அடிப்படைக் கல்வி ஓராண்டு, எம்.பி.பி.எஸ். ஐந்தாண்டு, ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி இரண்டாண்டு முடித்து நிற்கும்போதே அவருக்கு 61 ஆகிவிடும். இடையில் ஓராண்டு தோற்றாலோ, பிள்ளை மனசு விட்டுத் திரும்பி வந்தாலோ, போன பணம் போனதுதான். கடன் மட்டும் நிற்கும். பிள்ளைகள் படிப்புக்குச் சேமநிதியில் பணம் எடுக்க விதி இடம் கொடுக்கிறது, உண்மை. ஆனால் லோரி ஓட்டுபவருக்கு அறுபதுக்கு மேல் முதுகு ஒத்துழைக்காது. அன்றைக்குச் சோறு போடுவது அந்த 80,000தான். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

"டாக்டர் என்றால் கவர்மெண்ட் வேலை நிச்சயம்" என்று மாமா சொன்னாராம். அது அவர் காலத்துக் கதை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்க ஆரம்பித்தது. 2021 ஜூலை 26ஆம் தேதி நாடு முழுக்க ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனை வாசலில் வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று: ஏஜெண்ட் சொல்லும் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் மகளின் எஸ்.பி.எம். முடிவு மன்றம் கேட்கும் தகுதிக்குப் போதுமா, குறிப்பாக அந்த இயற்பியல் சி பிளஸ்? இதை மன்றத்திடமே எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடலாம்.

சரி, மகள் ஏன் பேசவில்லை? உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சும்மா போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். தாத்தாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் அழைத்துப் போனது அவள்தான். அவருக்காக ஒரு பயிற்சிப் புத்தகமும் வைத்திருந்தாள். அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள். தேதி, நேரம், சர்க்கரை 14.2, எந்த மருந்து எத்தனை மணிக்கு. அந்த 14.2க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: "தாத்தா பரிசோதனைக்கு முன்னால் மைலோ குடித்துவிட்டார். இந்த எண்ணைக் கணக்கில் சேர்க்கக்கூடாது."

பதினேழு வயதில் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் எழுதியிருக்கிறாள். ஊசி போடவோ நாடி பிடிக்கவோ அவள் ஆசைப்பட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு ஆசை எல்லாம் சரியாகக் கவனிப்பதிலும், எது நம்பத்தக்கது எது இல்லை என்று பிரித்து எழுதுவதிலும் இருக்கிறது. இந்தக் கைக்கு ஒரு தொழில் இருக்கிறது. அதுவும் நீங்கள் தாத்தாவோடு நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. இப்படி மாநிலத்துப் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மையங்கள் உண்டு. புதிய மருந்து, புதிய சிகிச்சை எதுவாக இருந்தாலும் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த பிறகுதான் கடைக்கு வரும். அந்தச் சோதனைகள் நடப்பது இங்கேதான். இதற்கென்றே சுகாதார அமைச்சு 2012ல் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற நிறுவனத்தை அமைத்தது. ஆய்வைப் பொறுப்பேற்று நடத்துபவர் டாக்டர். ஆனால் அன்றாடம் அதைத் தூக்கிச் சுமப்பவருக்குப் பெயர் ஸ்டடி கோஆர்டினேட்டர். அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். காலையில் ஒரு பாட்டி வருகிறார், ஆய்வில் சேரலாமா என்று யோசிப்பவர். அவருக்கு ஒப்புதல் படிவத்தை விளக்க வேண்டும். என்ன மருந்து, என்ன ஆபத்து, வேண்டாம் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்கும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் பக்கத்தில் இருந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தின் மேல் மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு புதிய பதிப்புக்கு அனுமதி கொடுத்த பிறகு பழைய தாளில் கைரேகை வாங்கினால் அது பெரிய விதிமீறலாகப் பதிவாகும். தோட்டப்புறத்திலிருந்து வரும் ஒரு பாட்டியிடம் தமிழில் உட்கார்ந்து நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு பெண் அந்த அறையில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ரத்த மாதிரி. எடுத்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறிக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்க வேண்டும், மைனஸ் 70 டிகிரி உறைபெட்டியில் வைக்க வேண்டும், உலர்பனிக்கட்டியோடு அனுப்ப வேண்டும். உறைபெட்டியின் வெப்பநிலைக்கே தனிப் பதிவேடு உண்டு. நோயாளி நான்காவது வாரம் வர வேண்டும் என்றால் முன்னே பின்னே இத்தனை நாள்தான் என்று எல்லை இருக்கும். தாமான் தள்ளி இருக்கிறார், மோட்டார் பழுது, பேரனுக்குக் காய்ச்சல் என்று எல்லாக் காரணத்தையும் கேட்டு, போன் போட்டுப் போட்டு அவரை அந்த எல்லைக்குள் கொண்டுவருவதும் இவர் வேலை. ஆய்வில் இருக்கும் ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காக வார்டில் சேர்ந்தால்கூட, தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். எழுதியதில் தப்பு வந்தால் அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. பழையது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, திருத்தி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். சில வாரங்களுக்கு ஒரு முறை ஆய்வை நடத்தச் சொன்ன நிறுவனத்தின் சார்பில் கண்காணிப்பாளர் வந்து மூலப் பதிவையும் கணினியில் ஏற்றியதையும் வரிவரியாக ஒப்பிடுவார். மைலோ குடித்ததை எழுதி வைத்த பிள்ளைக்கு இது தண்டனையாக இருக்காது.

"இது குமாஸ்தா வேலை" என்று மாமா சொல்வார். அவருக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயில் இந்த நாட்டுத் தொழிலாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்த காலம். புழுங்கலரிசி சாப்பிட்ட நம் தமிழாட்களுக்கு மட்டும் அது அவ்வளவாக வரவில்லை என்பதை நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் கவனித்து எழுதினார். 1907ல் ஃபிரேசர், ஸ்டேன்டன் என்ற இருவர் அங்கேயே டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் சாலை போட வந்த 300 ஜாவா தொழிலாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி கொடுத்தார்கள். நோய் வந்தது வெள்ளை அரிசிக் கூட்டத்துக்கு. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. அந்தத் தொழிலாளிகளிடம் இன்று போல் யாரும் ஒப்புதல் படிவம் நீட்டவில்லை. இன்றைக்கு அந்தப் படிவத்தை இவ்வளவு கெடுபிடியாகப் பார்ப்பதற்கு அதுபோன்ற காலங்களும் ஒரு காரணம்.

அரிய நோய்க் குறிப்பு என்று ஒன்றும் இங்கே நடக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத மாதிரி ஒரு நோயாளி வருவார். டாக்டர் அவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுத நினைப்பார். அதற்கு நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம், எந்த நாளில் என்ன அறிகுறி என்ற காலவரிசை, ஆய்வுக்கூட எண்கள் எல்லாம் அலகோடு, பெயரும் முகமும் தெரியாத படங்கள், இதற்கு முன் யாராவது இப்படி எழுதியிருக்கிறார்களா என்ற தேடல், இத்தனையும் வேண்டும். எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2013ல் வந்த கேர் என்ற சரிபார்ப்புப் பட்டியல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. நம் அரசாங்க மருத்துவமனைகளிலிருந்து வரும் கட்டுரைகளின் கடைசியில், வெளியிட அனுமதித்த சுகாதாரத் தலைமை இயக்குநருக்கு நன்றி என்ற வரியைக் காணலாம். ஒரே நோயாளியின் கதை எதையும் நிரூபிக்காது. ஆனால் கேள்வியை முதலில் எழுப்புவது அதுவாக இருக்கலாம்.

1998 கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும், சுங்கை சிப்புட்டுக்கு எவ்வளவு தூரம்? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் வழக்கமாகப் பிடிக்கும் சிறுபிள்ளைகளை விட்டுவிட்டு, பண்ணையில் வேலை செய்த பெரியவர்களை அடித்தது. தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன. பொருந்தாத இந்த விவரங்களை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நிப்பா வைரஸ் அதுதான். அடங்குவதற்குள் அது இந்த நாட்டில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொண்டுபோய்விட்டது. யாருக்கு வந்தது, எப்போது, என்ன வேலை செய்தார் என்ற பதிவுகளும் கொசு மேல் போட்ட பழி பன்றிப் பக்கம் திரும்ப உதவின. இதற்கு மேலும் மாமா குமாஸ்தா என்றால் என்னிடம் அனுப்புங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சம்பளம் இதில் வராது. பல பணிகள் ஒப்பந்தம்தான். ஓர் ஆய்வு முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் எழுத வராவிட்டால் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவாள். கல்யாண மண்டபத்தில் "பொண்ணு என்ன செய்கிறாள்?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லவும் முடியாது. ஆனால் சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, இன்று வந்து ஒப்பிடும் அந்தக் கண்காணிப்பாளராக மருந்து ஆய்வு நிறுவனங்களுக்குப் போகலாம், தரவு நிர்வாகத்துக்குப் போகலாம். இரண்டு லட்சம் கடன் தலையில் இல்லாத பிள்ளைக்கு ஒப்பந்த வேலை பெரிய பூதம் இல்லை.

வழி இதுதான். அரசாங்கப் பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம். உயிரியல், வேதியியல், கணிதம், கூடவே கட்டாயப் பாடமான பெங்காஜியான் ஆம் என்ற பொதுப்பாடம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, செலவு பஸ் காசும் புத்தகமும்தான். மூயெட் ஆங்கிலத் தேர்வை அலட்சியமாக எழுதக்கூடாது. பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல், கோலாலம்பூரில் யூ.கே.எம்., குபாங் கெரியானில் யூ.எஸ்.எம். இரண்டிலும் உண்டு. இடம் கிடைத்த பிறகு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் எடுத்தால், கடனுக்கான சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு சதவீதம். அந்தக் கடனுக்கு அப்பா வீட்டுப் பத்திரம் தேவையில்லை. பட்டத்துக்குப் பிறகு ஜி.சி.பி. என்ற நல்லாய்வு நெறிமுறைப் பயிற்சி, சில நாள்தான், கடைசியில் தேர்வு உண்டு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மருந்துச் சோதனைப் பக்கம் நெருங்க விட மாட்டார்கள். ஆறாம் படிவத்தில் வேதியியல் அவளைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே டாக்டர் ஆக வேண்டும் என்று அவளே சொன்னால், அந்த முடிவை வைத்து அரசாங்க இடத்துக்கு விண்ணப்பிக்கட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதை மாமா சொல்லக்கூடாது, அவள் சொல்ல வேண்டும்.

இந்த வாரம் அவளிடம் தனியாகப் பேசுங்கள், தம்பி தங்கைகள் இல்லாத நேரத்தில். "டாக்டருக்குப் படிக்கிறாயா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் தலையை ஆட்டிப் பழகிவிட்டார்கள். அந்தப் பயிற்சிப் புத்தகத்தை ஏன் வைத்திருந்தாள் என்று கேளுங்கள். ஏஜெண்டிடம் முன்பணம் எதுவும் கட்டிவிடவில்லை என்று நம்புகிறேன். கட்டியிருந்தால் ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், திரும்பப் பெற என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஆறாம் படிவப் பதிவுக்கு எஸ்.பி.எம். முடிவின் நகலும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.