தட்டு ஏன் இடப்பக்கமே ஓடுகிறது? டிஸ்க் கோல்ஃப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோல்ஃபில் மட்டை, பந்து, குழி. டிஸ்க் கோல்ஃபில் கை, ஃபிரிஸ்பி போன்ற தட்டு, கூடை. வித்தியாசம் அவ்வளவுதானே? ஆனால் ஆடுகிறவர்கள் தூறலில்கூடக் கிளம்பிவிடுகிறார்களே, அப்படி எதில்தான் ருசி?

பலரும் முதலில் சொல்வது சங்கிலிச் சத்தத்தை. கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகளில் தட்டு மோதி, ஜல்லென்று ஒலித்து உள்ளே விழும். தொடக்க காலத்தில் இந்தச் சத்தமே கிடையாது. மரம், குப்பைத்தொட்டி, கம்பம் என்று எதையாவது குறிவைத்து எறிவார்கள். பட்டதா படவில்லையா என்று வாக்குவாதம் வேறு. கலிஃபோர்னியாவில் 1975இல் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்த எட் ஹெட்ரிக்தான் சங்கிலிக் கூடையையும் வடிவமைத்தார். 1977இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வாக்குவாதத்தைச் சங்கிலி தீர்த்துவைத்தது.

ஆனால் சத்தம் கடைசியில் கிடைக்கும் பரிசுதான். ருசி அதற்கு முன்பே, தட்டு காற்றில் இருக்கும் நான்கைந்து விநாடிகளில் இருக்கிறது என்பது எங்கள் கட்சி. ஒரே எறியில் தட்டு முதலில் வலப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, கடைசியில் இடப்பக்கம் வளைந்து இறங்கும். எதிரே மரம் நின்றால் அதை வலமாகச் சுற்றலாம், இடமாகச் சுற்றலாம், கிளைக்கு அடியில் தாழ்வாகவும் செலுத்தலாம். எந்த வழி என்று மனசில் கோடு போட்டு, தட்டு அந்தக் கோட்டிலேயே போவதைப் பார்க்கும் சுகத்துக்குத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

கணக்கு எளிது. தொடங்கும் மேடையிலிருந்து கூடை வரை எத்தனை எறி என்று எண்ண வேண்டும். தட்டு நின்ற இடத்திலிருந்து அடுத்த எறி. 9 அல்லது 18 கூடைகள். மொத்தத்தில் குறைவாக எறிந்தவர் வென்றவர்.

கேள்வி: "வெகுதூரம் போகும்" என்று எழுதியிருந்த 12 வேகத் தட்டு ஒன்றை வாங்கினேன். எவ்வளவு பலமாக எறிந்தாலும் 40 மீட்டரில் இடப்பக்கம் வளைந்து தரையில் குத்துகிறது. கோளாறு என் கையிலா, தட்டிலா?

இரண்டிலும் கொஞ்சம். ஆனால் பெரிய பங்கு, வாங்கிய முடிவுக்கு.

பெரும்பாலான தட்டுகளின் மேல் நான்கு எண்கள் இருக்கும். முதலாவது ஸ்பீடு: தட்டு தன் குணப்படி பறக்க எவ்வளவு வேகமாக எறியப்பட வேண்டும் என்பது. அது உங்களுக்குத் தட்டு தரும் வேகம் அன்று. நீங்கள் தட்டுக்குத் தர வேண்டிய வேகம். இரண்டாவது கிளைடு, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன்: வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாயும் அளவு. -3 என்றால் நன்றாகச் சாயும், 0 என்றால் சாயாது. நான்காவது ஃபேட்: வேகம் குறைந்ததும் இடப்பக்கம் வளையும் அளவு. இந்த வலமும் இடமும் வலக்கைக்காரர் பின்கையால் (பேக்ஹேண்ட்: கையை உடம்பின் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசுவது) எறியும் கணக்கு. இடக்கைக்காரருக்கும், வலக்கையால் முன்கை எறி (ஃபோர்ஹேண்ட்: பக்கவாட்டில் உள்ளங்கை முன்னே வர வீசுவது) எறிகிறவருக்கும் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி நடக்கிறது? வலக்கைப் பின்கை எறியில், மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் திசையில் சுழலும். வேகமாகப் போகும்போது காற்று அதன் முன்விளிம்பைக் கீழே அழுத்தப் பார்க்கிறது. வேகம் தணிந்ததும் மேலே தூக்கப் பார்க்கிறது. சுழலாத பலகையாக இருந்தால் அப்படியே குப்புற விழும் அல்லது மல்லாக்கும். சுழலும் பொருளோ தள்ளிய திசையில் சாயாமல் அதற்குச் செங்குத்தான திசையில் சாயும். பம்பரத்தைப் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் முன்விளிம்பு அழுந்தினால் தட்டு வலப்பக்கம் சாய்கிறது, தூக்கினால் இடப்பக்கம்.

12, 5, -1, 3 என்று எண்ணிட்ட தட்டை அதற்கு வேண்டிய வேகத்தில் பாதியோடு எறிந்தால், வலப்பக்கம் சாயும் கட்டமே வராது. கையை விட்டதுமே 'வேகம் குறைந்துவிட்டது' என்கிற நிலைக்குப் போய்விடும். உங்கள் 40 மீட்டர் இடது வளைவு அதுதான். இன்னும் பலமாக எறிவது மருந்தல்ல. பலத்தோடு தட்டின் முன்விளிம்பும் தூக்கிக்கொள்ளும், நிலைமை மோசமாகும். தட்டு மேலே ஏறி, அந்தரத்தில் தயங்கி, பிறகு இடப்பக்கம் சரிந்தால் முன்விளிம்பு தூக்கியிருக்கிறது என்று பொருள். அதற்குச் செய்ய வேண்டியது: விளிம்பை உள்ளங்கையின் குறுக்கு ரேகையில் ஆழப் பதித்து, தட்டின் பரப்பு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட கையோடு ஒரே நேர்க்கோட்டில் வருமாறு பிடியுங்கள். எறியும்போது, செம்பிலிருந்து தண்ணீர் சரிப்பதுபோல மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கம் லேசாகக் கீழே இறக்குங்கள்.

இப்போதைக்கு அந்த 12ஐ உறையில் போட்டுவிடுங்கள். கூடைக்கு அருகே எறிவதற்கான ஒரு புட்டர் (2, 3, 0, 1 போன்ற எண்கள்), நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் (5, 4, -1, 1), பிறகு வேண்டுமானால் இன்னும் தூரத்துக்கு 6 அல்லது 7 வேகத்தில் ஒரு ஃபேர்வே டிரைவர் (6, 5, -2, 1). இந்த மூன்று போதும். திறந்த வெளியில், ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே புட்டரை எறியுங்கள். 30 மீட்டருக்குத் தள்ளாடாமல் நேராகப் போனால் 40, பிறகு 50. தட்டு கிடுகிடுவென்று ஆடினால், கை இழுத்த தளமும் தட்டு சாய்ந்திருந்த தளமும் வேறுவேறு. வேகத்தைப் பாதியாகக் குறைத்து எறிந்தால் ஆட்டம் அடங்கும். ஃபேர்வே டிரைவரால் 90 மீட்டரைத் தொட்ட பிறகு உறையிலிருக்கும் 12ஐ எடுத்துப் பாருங்கள். வேறு தட்டாகத் தோன்றும்.

நேராகப் போகத் தெரிந்ததும் வளைக்கப் பழகலாம். கை பிடித்த விளிம்புக்கு எதிர்விளிம்பைத் தாழ்த்தி விட்டால் ஹைசர்: இடப்பக்கம் வளையும். உயர்த்தி விட்டால் அன்ஹைசர்: வலப்பக்கம். ஒரே புட்டரால் இரண்டையும் செய்ய முடிகிற நாளில்தான் இந்த ஆட்டம் உண்மையில் தொடங்குகிறது.

கேள்வி: குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுவதுபோலப் பக்கவாட்டில் எறிவது எனக்கு இயல்பாக வருகிறது. ஆனால் அரை மணி நேரத்தில் முழங்கை வலிக்கிறது.

அதுதான் முன்கை எறி. சில்லு இலகு, தட்டு 170 கிராமுக்குப் பக்கத்தில். தோளைச் சுழற்றி எறிந்தால் பாரம் முழுதும் முழங்கையில் இறங்கும். முழங்கையை இடுப்புக்கு அருகில் வைத்து, உள்ளங்கை வானம் பார்க்க, மணிக்கட்டின் சொடுக்கால் எறியுங்கள். நடுவிரலை விளிம்பின் உட்புறத்தில் அழுத்திப் பதித்தால் சுழற்சி கூடும். ஒரே மூச்சில் பத்து எறிக்கு மேல் வேண்டாம். 150 கிராம் எடையிலும் தட்டுகள் கிடைக்கின்றன. எறிந்த பிறகும் வலி தங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கூடைக்குப் பக்கத்தில் வந்தபின் தவறவிடுவதுதான் எரிச்சல். ஆறேழு மீட்டரில்கூடச் சங்கிலிக்கு வெளியே போகிறது.

ஆறேழு மீட்டரில் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பயம்: "தாண்டிப் போய்விட்டால் திரும்பி வரும் எறி கஷ்டம்" என்று கை பாதியில் நின்றுவிடும். கை நின்றால் தட்டு தாழ்ந்து இடப்பக்கம் விழும்.

எடையை முன்காலில் வையுங்கள். 'சங்கிலிகள்' என்று பொதுவாகப் பார்க்காமல் ஒரே ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். விட்டபின் விரல்கள் விரிந்து அந்தக் கண்ணியை நோக்கி நீண்டிருக்க வேண்டும். பயிற்சிக்கு 3 மீட்டரில் தொடங்குங்கள். பத்தில் ஒன்பது விழுந்தால் ஒரு மீட்டர் பின்னால் போங்கள், ஏழுக்குக் குறைந்தால் ஒரு மீட்டர் முன்னால் வாருங்கள். 12 மீட்டரில் நின்று மணிக்கணக்கில் தவறவிடுவது, தவறவிடப் பழகுவதாகும்.

விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். கூடையிலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்குள் எறிந்தால், தட்டு கையை விட்டபின் சமநிலையில் நின்று காட்டாமல் முன்னே அடி வைக்கக் கூடாது. எறிந்த வேகத்தில் தடுமாறி முன்னால் ஓடுவதும் குதித்து எறிவதும் அங்கே செல்லாது.

கேள்வி: காற்றடிக்கும் நாளில் ஆடாமல் இருப்பது நல்லதா?

ஆடுங்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நாள் இல்லை. எதிர்காற்றில் தட்டைப் பொறுத்தவரை அதன் வேகம் கூடிவிடுகிறது. எனவே வழக்கத்தைவிட வலப்பக்கம் சாயும். டர்ன் 0 உள்ள தட்டை எடுத்து, தாழ்வாக, சற்று ஹைசரில் விடுங்கள். பின்காற்றில் மிதப்பு குறைந்து சீக்கிரம் இறங்கும்; நன்றாகத் திரும்பும் இலகுவான தட்டை உயரமாக விடலாம். கூடைக்கு அருகிலும் இதே கதைதான். எதிர்காற்று தட்டைத் தூக்கும், கொஞ்சம் தாழ்வாகக் குறிவையுங்கள். பின்காற்றில் கொஞ்சம் உயரமாக.

கேள்வி: துணைக்கு ஆள் கிடைப்பதில்லை. தனியாக ஆடினால் சலிக்காதா?

தனியாக ஆடுவதற்கென்றே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முழு ஆட்டத்தையும் ஒரே மிட்ரேஞ்சால் ஆடுவது. தட்டை மாற்ற முடியாததால் கோணத்தை மாற்ற வேண்டிவரும். கை திருந்த இதுவே குறுக்குவழி. இன்னொன்று, ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு எறிந்து *மோசமானதிலிருந்து* தொடர்வது. கொடுமையான ஆட்டம், ஆனால் கவனம் சிதறாது.

இரண்டு பேர் ஓர் அணி என்றால் நேர்மாறாக, இருவரும் எறிந்து நல்லதைத் தேர்ந்துகொள்ளலாம். புதியவரும் பழகியவரும் சேர்ந்து ஆடப் பொருத்தமான வகை இது. எத்தனை பேரானாலும், முன்னால் போகிறவர்கள் எட்டும் தூரத்தைத் தாண்டும் வரை எறியாதீர்கள். எறிகிறவரின் கண்ணில் படும் இடத்தில் அசையாதீர்கள்.

கேள்வி: மாதத்துக்கு இரண்டு தட்டு தொலைகிறது!

என்ன நிறம்? பச்சையும் பழுப்பும் புல்லில் கரைந்துவிடும். மஞ்சள் உதிர்ந்த இலைகளிடையே மறையும். சிவப்பு நிழலில் கறுப்பாகிவிடும். அடர் இளஞ்சிவப்பை வாங்குங்கள். தட்டு விழும்வரை கண்ணை எடுக்காமல், விழுந்த இடத்துக்கு நேர்பின்னே உள்ள ஒரு மரத்தையோ கல்லையோ குறித்துக்கொண்டு அதை நோக்கி நடங்கள். அடிப்பக்கத்தில் அழியாத மையில் தொலைபேசி எண் இருக்கட்டும். போட்டியில் தேட 3 நிமிடம்தான். அதன்பின் ஓர் எறி அபராதம்.

கேள்வி: ஒரே எறியில் கூடையில் போடுவது திறமையா, அதிர்ஷ்டமா?

கூடைக்குப் பக்கத்தில் விழவைப்பது திறமை; சங்கிலி பிடித்துக்கொள்வது அதிர்ஷ்டம். 2021 உலகப் போட்டியின் கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டரிலிருந்து எறிந்த தட்டு நேராகச் சங்கிலியில் விழுந்தது. அதனால்தான் பால் மெக்பெத்தோடு சமன் செய்ய முடிந்தது, மேலதிக ஆட்டத்தில் பட்டத்தையும் வென்றார். அது முதல் எறி அல்ல என்பதால் 'ஏஸ்' (முதல் எறியிலேயே கூடை) கணக்கில் வராது. அதைப் பார்த்தவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

கேள்வி: மரத்தில் மோதி மோதித் தட்டின் விளிம்பெல்லாம் தேய்ந்துவிட்டது. தூக்கிப் போடலாமா?

விரிசலோ ஓட்டையோ இருந்தால் மட்டும். அப்படிப்பட்டவை போட்டியில் செல்லாது. மற்றபடி தேய்ந்த தட்டு ஒரு சொத்து. விளிம்பு அடிபட அடிபடத் தட்டு வலப்பக்கம் அதிகமாகத் திரும்பத் தொடங்கும். மலிவான பிளாஸ்டிக்கில் இது சில மாதங்களிலேயே தெரியும். விலை கூடியதில் ஆண்டுகள் ஆகலாம். பழகியவர்களின் பையில் ஒரே அச்சில் வார்த்த மூன்று தட்டுகள் இருப்பது இதனால்தான்: புதியது இடப்பக்கம் வளையும், அரைப் பழசு நேராகப் போகும், கிழடு வலப்பக்கம் திரும்பும். மூன்றையும் ஒரே பிடியில், ஒரே கோணத்தில் விடலாம். கையைக் கீறும் பிசிறுகளை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கீறலைச் சமன் செய்யும் அளவுக்கு விதியே இடம் தருகிறது.