தட்டு மாற்றியதும் எம்ஐசி 8-லிருந்து 64 ஆனது

பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த அளவு (எம்ஐசி) இப்படி ஏறிவிட்டதே, பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். இதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். அதே ஈ. கோலை பாக்டீரியா, அதே எல்எல்-37 (பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு). மாறியது சோதனைத் தட்டு மட்டும், இப்போது பாலிஸ்டைரீன் என்கிறீர்கள். நேர்மின்னூட்டமுள்ள பெப்டைடு அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவுக்குக் கிடைப்பது குறைந்துபோகும். எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான்.

பாலிபுரோப்பிலீன் தட்டில், உங்கள் விகாரத்தோடு (பாக்டீரியாவின் உள்வகை, strain), பெப்டைடையே பார்த்திராத மூல விகாரத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். நீர்த்தல் குழாய்களும் பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும் (பலர் கோட்டைவிடுவது இங்கேதான்). இரண்டுமே 8 மைக்ரோகிராம்/மி.லி. பக்கம் இறங்கினால் குற்றவாளி தட்டு.

உங்கள் விகாரம் மட்டும் உயர்ந்தே நின்றாலும் உடனே மரபணுப் பிறழ்வு என்று சொல்லிவிட முடியாது. வளர்ப்பு ஊடகத்தில் மெக்னீசியம் குறைந்தால், அதை உணரும் பாக்டீரியாவின் ஃபோபி-ஃபோக்யூ அமைப்பு விழித்து, வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட்-ஏ-யை மாற்றும். அதனாலும் எம்ஐசி உயரலாம், ஆனால் அது தற்காலிகம். பெப்டைடு இல்லாமல், வழக்கமான மெக்னீசியம் உள்ள ஊடகத்தில் சில தடவை வளர்த்த பிறகும் இறங்காவிட்டால் மரபணு வரிசையைப் பாருங்கள்.