5,000 தோட்டா எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். எனக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. மாதம் ஒருமுறை ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்கு) போய், 9 எம்எம் கைத்துப்பாக்கியில் இருவருமாக நூறு தோட்டாக்கள் சுடுகிறோம். விலை ஏறிக்கொண்டேதான் போகும், இப்போதே 5,000 தோட்டாக்கள் வாங்கிப் பரணில் வைத்துவிடலாம் என்கிறார் கணவர். எச்1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் எங்களோடுதான் தங்கியிருக்கிறான். வாங்கலாமா?

பதில்: ஓராண்டுக்குத் தேவையான 1,200 வாங்குங்கள், போதும். பரண் மட்டும் வேண்டவே வேண்டாம். தம்பியைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டது மிகவும் நல்லதாயிற்று, அதற்கும் வருகிறேன்.

விலை ஏறிக்கொண்டே போகும் என்று உங்கள் கணவர் சொல்வது பாதிதான் சரி. தோட்டா விலை தங்கம்போல ஏறுவதில்லை. தக்காளிபோல ஏறி இறங்குகிறது. கொரோனாவுக்கு முன்பு சாதாரணப் பயிற்சித் தோட்டா ஒன்று 20 சென்ட்டுக்கும் குறைவாகக் கிடைத்தது. 2020இல் நோய்ப் பயம், தெருக் கலவரம், தேர்தல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் கடைகளுக்கு வந்தார்கள். அதே ஆண்டு துப்பாக்கியும் தோட்டாவும் தயாரிக்கும் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்கும் தட்டுப்பாடு. 2021 தொடக்கத்தில் அதே தோட்டா 60 சென்ட்டைத் தாண்டிவிட்டது. பிறகு மெல்ல இறங்கி, 2023 முடிவதற்குள் 25 சென்ட்டை ஒட்டி வந்து நின்றது.

உச்சத்தில் 5,000 வாங்கியவர் 3,000 டாலருக்குமேல் கொடுத்திருப்பார். மூன்று ஆண்டு பொறுத்து அதே சரக்கு கடையில் 1,250 டாலருக்குக் கிடைத்தது. இதற்கு முன்பு 2013இல் .22 என்ற சிறு ரகத் தோட்டாவுக்கும் இதே கதைதான் நடந்தது. கடைத் தட்டுகள் காலி. ஓர் ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கட்டுப்பாடு. பற்றாக்குறை வரும் என்ற பயமே பற்றாக்குறையை உண்டாக்கியது.

எனவே கையிருப்பை முதலீடாக நினைக்காதீர்கள். காப்பீடாக நினையுங்கள். தட்டுப்பாடு வரும்போது பயிற்சி நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் பயன். அதற்கு 1,200 தோட்டாக்கள் தாராளம். 25 சென்ட் வீதம் 300 டாலர். ரேஞ்சில் நூறு சுட்டுவிட்டு வந்தால், அந்த மாதமே நூறு வாங்கி நிரப்பிவிடுங்கள். விலை உயர்ந்தால் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கையிருப்பில் இருப்பதைச் சுடுங்கள். 5,000 என்றால் உங்கள் கணக்குப்படி நான்கு ஆண்டுக்குமேல் வரும். அத்தனை காலம் 1,250 டாலர் முடங்கிக் கிடக்கும். வங்கியில் 4 சதவீத வட்டிக்குப் போட்டாலே முதலாண்டில் 50 டாலர் கிடைத்திருக்குமே.

எடையையும் யோசியுங்கள். ஆயிரம் தோட்டா ஏறத்தாழ 12 கிலோ. ஐயாயிரம் என்றால் 60 கிலோ. டெக்சாஸ் கோடையில் பரண் 50 டிகிரி செல்சியசைத் தாண்டிக் கொதிக்கும். தோட்டாவின் உள்ளேயிருக்கும் புகையற்ற வெடிமருந்து நைட்ரோசெல்லுலோசால் ஆனது. வெப்பத்தில் மெல்லச் சிதையும். வீட்டுக்குள் குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரியில் வைத்தால் இருபது ஆண்டானாலும் கெடாது. ராணுவம் பயன்படுத்தும் ரப்பர் விளிம்புள்ள பெரிய இரும்புப் பெட்டி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆயிரம் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றும் போடுங்கள். தோட்டாக்களைக் கடை அட்டைப்பெட்டியிலிருந்து கொட்டாமல் அப்படியே அடுக்குங்கள். நான் ஒவ்வோர் அட்டைமீதும் வாங்கிய மாதத்தையும் விலையையும் பேனாவால் எழுதிவைப்பேன். பழையதைத்தான் முதலில் எடுப்பேன். தோட்டாவின் பித்தளை உறையில் பச்சை பூத்திருந்தால் அதைச் சுடாதீர்கள், ரேஞ்சில் கொடுத்துவிடுங்கள்.

இனி தம்பி. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஒரே ஒரு தோட்டாவும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். குற்றவழக்கு என்று வந்தால் அவருடைய விசாவே போய்விடக்கூடும். பெட்டியைப் பூட்டுங்கள். சாவியோ எண்ணோ அவருக்குத் தெரியக் கூடாது. கடையிலிருந்து தூக்கிவருவதற்குக்கூட அவரை அனுப்பாதீர்கள். அவர்மீதுள்ள அக்கறையால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

இன்னொன்று, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு தோட்டா உருண்டு தங்கிவிடும். துணியின் மடிப்பில் கைக்குக்கூடத் தட்டுப்படாது. அதே பையோடு ஊருக்கு வந்து, திரும்பும்போது சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் போலீசிடம் ஒப்படைப்பார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் காட்டி விடுபட்டவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், விடுமுறை முடிந்திருக்கும். ரேஞ்சு பையைத் தோட்டாப் பெட்டியோடு சேர்த்தே பூட்டி வைத்துவிடுங்கள்.